வாசகர் கேள்வி-பதில்: ரியூனியனில் சனி, ஞாயிறு

கேள்வி: மொரீசியஸிலிருந்து வயதான அப்பா, அம்மாவோடு இரண்டு நாள் ரியூனியன் தீவுக்கு வருகிறோம். வாடகைக் காரில் எல்-பூர், சிலாவோஸ் மலையூர்கள், எரிமலைப் பக்கத்து மாதா கோயில், தமிழ்க் கோயில்கள் எல்லாவற்றையும் பார்த்துவிடலாமா? – வாசகி, ரோஸ்-ஹில்

பதில்: சிலாவோஸை விட்டுவிடுங்கள். '400 வளைவு' என்று பெயர் வாங்கிய சாலை அது. போய்வரவே ஒரு பகல் போய்விடும், பின்சீட்டில் இருக்கும் பெரியவர்களுக்குக் குமட்டல் நிச்சயம்.

முடிந்தால் வெள்ளி மாலையே வந்துவிடுங்கள். சனி காலை ஆறரைக்குக் கிளம்பி, சேன்-ஆந்த்ரே வழியாக நேராக எல்-பூர் ஏறுங்கள். முற்பகலிலேயே மேகம் இறங்கி மலையை மூடிவிடும் என்பதால் இந்த அவசரம். இறங்கும்போது இரண்டாம் கியரிலேயே வாருங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகும். நண்பகலில் கோயில் நடை சாத்தியிருக்கலாம். சேன்-ஆந்த்ரேயின் கொலோஸ் கோயிலுக்கு மாலையில் போங்கள். தோல் பெல்ட், தோல் பையைக் காரிலேயே வைத்துவிடுங்கள்.

ஞாயிறு தெற்கே. சேன்-பெனுவாவில் பெட்ரோல் நிரப்பிக்கொண்டால் கவலையில்லை. சற்றுத் தள்ளி சேன்த்-ஆன் தேவாலயம். முகப்பு முழுக்கப் பூவும் பழமுமாகச் செதுக்கல், நம் கோபுரம் பார்த்த கண்ணுக்கு அந்நியமாகத் தெரியாது. பிறகு பிட்டோன் சேன்த்-ரோஸ். நீங்கள் கேட்ட மாதா கோயில் இங்கேதான். 1977 ஏப்ரலில் எரிமலைக் குழம்பு ஊருக்குள் புகுந்து வீடுகளை விழுங்கி, தேவாலயத்தைச் சுற்றி வளைத்து, வாசலோடு நின்றது. உறைந்த கருங்குழம்பு இன்றும் சுவரை ஒட்டிக் கிடக்கிறது. ஞாயிறு காலை பூசை நடக்கும். அது முடிந்தபின் உள்ளே போங்கள். அடுத்து எரிமலைக் குழம்பு ஓடி உறைந்த சரிவான கிராண்ட் ப்ரூலே, சேன்-ஃபிலிப், சேன்-பியேர். மேற்குக் கரையில் ஞாயிறு மாலை கடற்கரைக் கூட்டம் மொத்தமும் தலைநகர் சேன்-தெனி திரும்பும். இரவு விமானமென்றால் மூன்று மணிக்குள் சேன்-பியேரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: ஓட்டுவதில் எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இங்கே சாலையின் வலப்பக்கம் ஓட்ட வேண்டும். ரவுண்டானாவில் இடது பக்கம் பார்த்து, உள்ளே சுற்றுபவருக்கு வழிவிட்டு நுழையுங்கள். கியர் வலது கைக்கு வரும்; பழக்கத்தில் இடது கை கதவைத் தட்டும். ஆட்டோமேடிக் வண்டியை முன்கூட்டியே கேட்டு வையுங்கள். பழக்கத்தில் இடப்பக்கம் போய்விடும் தப்பு பெரும்பாலும் நடப்பது காபி குடித்துவிட்டு வெறிச்சோடிய சாலையில் ஏறும்போதுதான்.

கேள்வி: சாலையோரச் சிவப்புக் கூண்டுகள் யாருடையவை? கும்பிடலாமா?

பதில்: சேன்-எக்ஸ்பெதி என்ற கிறிஸ்தவப் புனிதருடையவை. ரோமானியப் படைவீரர் உருவம். 'இன்று' என்று எழுதிய சிலுவை கையில், 'நாளை' எனக் கரையும் காகம் காலடியில். உடனே காரியம் முடிப்பவர் என்று நம் மல்பார் (இங்குள்ள தமிழ் வம்சாவளி) குடும்பங்களும் வேண்டிக்கொள்கின்றன. தாராளமாகக் கும்பிடலாம். நேர்ந்துகொண்டு வைத்த பூ, மெழுகுவர்த்தியில் மட்டும் கைவைக்காதீர்கள். தலையில்லாத சிலை கண்ணில் பட்டால் திகைக்க வேண்டாம். வேண்டுதல் பலிக்காத கோபத்தில் யாரோ உடைத்திருப்பார்கள்.