ஸ்தோத்திரம்னு சொல்ல வாய் வரல, நான் நன்றி கெட்டவளா?

கேள்வி:

அக்கா, இத எழுதி எழுதி அழிச்சிட்டு இன்னைக்குதான் அனுப்புறேன். எனக்கு 31 வயசு. கல்யாணமாகி ஆறு வருஷம் கழிச்சு உண்டான குழந்தை அஞ்சாம் மாசத்துல கலைஞ்சிடுச்சு, நாலு மாசம் ஆகுது. முன்னாடியெல்லாம் தினமும் ராத்திரி அன்னைக்கு ஆண்டவர் செஞ்ச நன்மைய ஒரு நோட்டுல எழுதிட்டுதான் படுப்பேன், டெஸ்ட்ல பாசிட்டிவ்னு வந்த அன்னைக்கு மட்டும் ரெண்டு பக்கம் எழுதினேன். இப்ப அந்த நோட்ட தொடவே முடியல. சபைல "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரஞ்செய்யுங்கள்னு வசனம் இருக்கே, இதுக்கும் ஸ்தோத்திரம் சொல்லும்மா"ங்கறாங்க. முழங்கால் போட்டு ஆரம்பிச்சா தொண்டை அடைச்சிடுது. வீட்டுக்காரர் எப்பவும் போல ஜெபம் பண்றாரு, அத பார்த்தா கோவம் வேற வருது. நான் நன்றி கெட்டவளா ஆயிட்டேனா? ஆண்டவர் என்ன விட்டு போயிடுவாரா?

பதில்:

அன்புத் தங்கச்சி, இல்லம்மா. நன்றி கெட்டவங்களுக்கு இந்தக் கேள்வியே வராது. உங்களுக்கு வந்திருக்கறது துக்கம். அஞ்சு மாசம் வயித்துல சுமந்த பிள்ளைக்காக அழறதுக்கு யார்கிட்டயும் பர்மிஷன் கேக்க வேண்டாம்.

அந்த வசனம் 1 தெசலோனிக்கேயர் 5:18. அதுக்கு முந்தின அதிகாரத்துல, அந்தக் கடிதத்த எழுதின பவுல் யார்கிட்ட பேசறாருனு பாருங்க, தங்களோட ஜனங்கள சாவுக்கு பறிகொடுத்துட்டு நிக்கறவங்ககிட்ட. அங்க அவர் அழவே கூடாதுனு சொல்லல, நம்பிக்கை இல்லாதவங்க மாதிரி துக்கப்படாதீங்கனுதான் சொல்றாரு. அதனால உங்க குழந்தை போனதுக்கு தேங்க்ஸ் சொல்லுன்னு அந்த வசனத்த எடுத்து உங்க தலைல வைக்கறது எனக்கு சரியா படல, சொன்னவங்க நல்ல மனசோடதான் சொல்லியிருப்பாங்க, ஆனாலும் வலிக்கும்.

எனக்கு ரொம்ப பிடிச்சது யோவான் 11. இயேசுவோட சிநேகிதன் லாசரு செத்துட்டான், 35வது வசனத்துல "இயேசு கண்ணீர் விட்டார்", 41ல கல்லறை முன்னாடி நின்னு "பிதாவே, நீர் எனக்குச் செவிகொடுத்தபடியினால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்"ங்கறாரு. நடுவுல அஞ்சே வசனம்தான். லாசருவ உயிரோட எழுப்பப் போறோம்னு தெரிஞ்சும் அவர் அழுதாரு, அழுத கொஞ்ச நேரத்துலயேதான் ஸ்தோத்திரமும் வந்துச்சு, கண்ண தொடச்சிட்டு வந்து பேசுன்னு பிதா சொல்லல. உங்ககிட்ட மட்டும் ஏன் சொல்லப் போறாரு?

அப்புறம் அந்த நோட்டு. நன்றி எழுதறது மனசுக்கு நல்லதுனு 2003ல எம்மன்ஸ், மெக்கல்லோனு ரெண்டு பேர் பண்ணின ஆராய்ச்சி பேர் போனது, ஆனா அது புதுசா பறிகொடுத்தவங்கள வெச்சு பண்ணினது இல்ல, அதனால தினமும் எழுதியே ஆகணும்னு உங்கள வதைச்சுக்காதீங்க. எழுதணும்னு தோணற அன்னைக்கு மொதல்ல உங்க கோவத்த எழுதுங்க. 13ம் சங்கீதம் அப்படிதான் ஆரம்பிக்குது, மொத ரெண்டு வசனத்துலயே நாலு தடவ "எதுவரைக்கும்"னு கேக்கறான் தாவீது, பாட்டுல முடிக்கறது ஆறாம் வசனத்துல. கீழ ஒரு வரி நன்றி, நிஜமா தோணினா மட்டும், "இன்னைக்கு ஒருத்தி எதுவும் பேசாம பக்கத்துல உக்காந்திருந்தா"ங்கற மாதிரி, அது போதும். தோணலையா, காலியா விடுங்க. அந்த பாசிட்டிவ் வந்த நாள் பக்கத்த மட்டும் கிழிச்சிடாதீங்க, அன்னைக்கு நீங்க சொன்ன நன்றி பொய் ஆகல.

வீட்டுக்காரர்கிட்ட ஒரு தடவ கேளுங்க, "நீங்க தனியா இருக்கும்போது அழறீங்களா?"னு. நெறைய ஆம்பளைங்க ஜெபத்துலதான் அழுகைய ஒளிச்சு வெப்பாங்க, இவரும் அப்படி இருக்கலாம். தூக்கம், சாப்பாடு ரெண்டு வாரத்துக்கு மேல சரியில்லனா, உயிரோட ஏன் இருக்கணும்னு ஒரு தடவ தோணினாலும் உடனே, டாக்டர பாருங்க, அது விசுவாசக் குறைவு கிடையாது.

குழந்தைக்கு பேர் வெச்சிருந்தீங்களா? வெச்சிருந்தா அடுத்த கடுதாசில எழுதுங்க, அந்தப் பேர சொல்லியே நானும் ஜெபம் பண்றேன்.