வாசகர் கேள்வி: 16 மாநிலம், 3 சாக்சன்

கேள்வி: நர்சிங் முடித்துவிட்டு ஜெர்மனி போவதற்காக ஜெர்மன் வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அந்த நாட்டின் 16 மாநிலப் பெயர்களையும் மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு வாரமாக அகர வரிசையில் ஒப்பிக்கிறேன், பாதியில் குழம்பிவிடுகிறது. என்னிடம் உள்ள வரைபடத்தில் பவேரியா என்றிருக்கிறது, டீச்சர் பயர்ன் என்கிறார். சுலபமான வழி உண்டா?
- ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: முதலில் அந்த அகர வரிசையைத் தூக்கிப் போடுங்கள். நம்ம மாவட்டங்களை அரியலூரில் ஆரம்பித்தா தெரிந்துகொண்டீர்கள்? தர்மபுரி, மேலே கிருஷ்ணகிரி, கீழே சேலம், கிழக்கே திருவண்ணாமலை என்று எல்லையைத் தொட்டுத் தொட்டுத்தானே போனீர்கள், அதே வழிதான் இதற்கும்.

பவேரியா என்பது ஆங்கிலத்தில் வழங்கும் பெயர், தூத்துக்குடி டூட்டிகோரின் ஆனது மாதிரி. வகுப்பில் பயர்ன்தான் செல்லும். ஆங்கில வரைபடத்தை மூடி வைத்துவிட்டு, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் நீங்களே ஒன்று வரையுங்கள், கோணலாக இருந்தாலும் பரவாயில்லை. பெர்லின், ஹாம்பர்க், பிரேமன் மூன்றும் நகரமே மாநிலமாக இருப்பவை, அவற்றை முதலில் புள்ளி வையுங்கள். பெர்லினைச் சுற்றி ஒரு வட்டம் போட்டால் அது பிராண்டன்பர்க். தென்கிழக்கு மூலையில் பெரிதாகப் பயர்ன், அதற்கு மேற்கே பாடன்-வூர்ட்டம்பர்க்.

குழப்பம் வருவதே மூன்று சாக்சனில்தான். சாக்சன், சாக்சன்-அன்ஹால்ட் இரண்டும் கிழக்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நீடர்சாக்சன் மட்டும் வடமேற்கில். நீடர் என்றால் தாழ்ந்த என்று அர்த்தம், உடனே தெற்கே தேடாதீர்கள். கடலோரத் தாழ்நிலம் என்ற கணக்கு அது. ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு வருகிறவர் ‘கீழே இறங்குகிறேன்’ என்கிறாரே, அவர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு வருவதைத்தானே சொல்கிறார்? அதுவேதான்.

அப்புறம் நடுவில் கோடு போட்ட பெயர்கள் ஆறு. நாம் 2004-ல் தர்மபுரியைப் பிரித்துக் கிருஷ்ணகிரியை உண்டாக்கினோம். அங்கே 1952-ல் மூன்று மாநிலங்களைச் சேர்த்து பாடன்-வூர்ட்டம்பர்க் ஆக்கினார்கள், பழைய பெயரை விட மனசில்லாமல் பாடன், வூர்ட்டம்பர்க் இரண்டையும் ஒட்டிவிட்டார்கள். தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் மறுபடி சேர்ந்து ‘தர்மபுரி-கிருஷ்ணகிரி’ என்று போர்டு வைத்தால் எப்படியிருக்கும்! மெக்லன்பர்க்-ஃபோர்பொமர்ன் மாதிரி வாயில் நுழையாததை எல்லாம் இப்படி இரண்டு ஊராக உடைத்துச் சொல்லிப் பழகுங்கள்.

பின்னாளில் அங்கே குடியுரிமை கேட்டால் ஒரு தேர்வு எழுத வேண்டும். அதில் 33 கேள்விகளில் 3 நீங்கள் வசிக்கும் மாநிலத்தைப் பற்றியே வரும். அதனால் வேலை எந்த மாநிலத்தில் என்று தெரிந்ததும் அதன் தலைநகரையும் கொடியையும் சேர்த்துப் படித்துவிடுங்கள், மற்ற 15-க்கும் இப்போதைக்குப் பெயர் போதும்.