பிரவுன் மாறினால் போதாது, காலும் வாலும் மாற வேண்டும்

கேள்வி: நெப்போலியன் காலக் குதிரைப்படை ஒன்றின் சிற்றுருவங்களுக்கு, 28 மி.மீ. அளவில், பெயின்ட் அடித்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் 12 குதிரைகள். நான்கு விதமான பிரவுன் வாங்கி மாற்றி மாற்றி அடித்தும் எல்லாம் பொம்மைக் குதிரை போலவே இருக்கின்றன. எந்த நிறங்களைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: ஐந்தாவதாக ஒரு பிரவுன் வாங்க வேண்டாம். உங்களிடம் இருப்பதே தாராளம். உடம்பின் நிறத்தோடு பிடரி, வால், கால் மூன்றும் பொருந்தினால்தான் அது குதிரையாகத் தெரியும். சிக்கல் பெரும்பாலும் அங்கேதான்.

பழுப்புக் குதிரைகளில் இரண்டு வகைகளை முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். ஒன்று, பே. உடம்பு வெளிர் செம்பழுப்பு முதல் கரும்பழுப்பு வரை எப்படியும் இருக்கலாம். ஆனால் பிடரியும் வாலும் கால்களின் கீழ்ப்பகுதியும் காது விளிம்பும் கறுப்பு. மற்றது, செஸ்ட்நட். இதன் முடியில் கறுப்பு நிறமி உருவாவதே இல்லை. அதனால் பிடரியும் வாலும் உடம்பின் நிறத்திலோ அதைவிட வெளிறியோ இருக்கும், சிலவற்றில் வைக்கோல் நிறம்கூட. செஸ்ட்நட் உடம்புக்குக் கறுப்பு வால் வைத்தால், ஏன் என்று சொல்லத் தெரியாதவர் கண்ணுக்கும் அது உறுத்தும்.

பே குதிரையின் காலில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். முழங்காலில் கோடு கிழித்தாற்போல் கறுப்பை நிறுத்தினால் பூட்ஸ் போட்ட மாதிரி ஆகிவிடும். கறுப்பில் கொஞ்சம் பிரவுன் கலந்து, தண்ணீர்விட்டு இளக்கி, குளம்பிலிருந்து மேல்நோக்கி இழுங்கள். முன்னங்காலில் முட்டியிலும் பின்னங்காலில் நடு மூட்டிலும் அது உடம்பு நிறத்தில் கரைந்து மறைய வேண்டும். இந்த ஒரு வேலைக்கு அரைமணி நேரம் போனாலும் தகும்.

வெள்ளைக் குறிகள் அதற்குப் பிறகு. பே காலில் வெள்ளை வந்தால் குளம்பை ஒட்டித்தான் வரும், கறுப்பு அதற்கு மேலே தொடரும். வெள்ளைக் காலுக்குக் குளம்பு பெரும்பாலும் வெளிர் நிறம், மற்றவற்றுக்குக் கருஞ்சாம்பல். நெற்றிப் பட்டை மூக்குவரை இறங்கினால் அங்கே தோல் இளஞ்சிவப்பாக இருக்கும். நாலு காலும் முகமும் வெளுத்த பஞ்சகல்யாணி கண்ணைப் பறிக்கும்தான். ஆனால் ஒரு படைக்கு ஒன்று போதும், அதை அதிகாரிக்குக் கொடுங்கள். நாலைந்து குதிரைகளுக்காவது குறியே வேண்டாம்.

வெள்ளைக் குதிரை என்று நாம் சொல்வது அநேகமாக கிரே. பிறக்கும்போது கருமையாக இருந்து, வயது ஏற ஏற வெளுக்கும். முடி வெளுத்தாலும் தோல் கறுப்புதான். ஆகவே மூக்கையும் கண்ணைச் சுற்றியும் கருஞ்சாம்பல் அடியுங்கள். இளம் கிரேக்கு வட்டப் புள்ளிகளும் கருத்த பிடரியும் பொருந்தும்.

கறுப்புக் குதிரைக்குச் சுத்தக் கறுப்பு அடித்தால் உருவமே தெரியாது. மேடான இடங்களில் கரும்பழுப்போ நீலச்சாம்பலோ தொட்டெடுங்கள்.

உங்கள் 12-க்கு நான் அடிப்பதானால்: வெவ்வேறு அடர்த்தியில் ஆறு பே, மூன்று செஸ்ட்நட், இரண்டு கரும்பழுப்பு, ஒரு கிரே. அந்தக் கிரே ஊதுகுழல்காரருக்கு; அன்றைய படைகள் பலவற்றில் அதுவே வழக்கம். ஆனால் படைப்பிரிவின் பெயரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். பிரிட்டனின் ஸ்காட்ஸ் கிரேஸ் படைப்பிரிவு என்றால் வரிசை முழுக்க கிரே. நெப்போலியனின் காவல்படையான இம்பீரியல் கார்டின் குதிரை கிரெனடியர்கள் என்றால் கறுப்பு. 1815-இல் வாட்டர்லூ போரில் பிரிட்டிஷ் தளபதி வெலிங்டன் ஏறியிருந்த கோபன்ஹேகன் என்ற குதிரை ஒரு செஸ்ட்நட். தளபதி உருவமும் செய்கிறீர்கள் என்றால் இது உதவும்.

கண்ணுக்கு வெள்ளை வைக்காதீர்கள், மிரண்ட குதிரையாகிவிடும். கரும்பழுப்பு வைத்து, மேட் (பளபளப்பில்லாத) வார்னிஷ் எல்லாம் காய்ந்தபின் பளபளப்பு வார்னிஷில் ஒரு பொட்டு வையுங்கள்.