கவரில் கலயம் எங்கே?

கேள்வி: நானும் என் நண்பனும் சேர்ந்து ஒரு திகில் கேம் செய்கிறோம். அப்பா இறந்த பிறகு தேரிக்காட்டுக்குத் திரும்பி வரும் பனையேறியின் மகன்தான் நாயகன். யாருமே ஏறாத பனைகளில் ராத்திரியோடு ராத்திரியாகக் கலயம் நிறைந்திருக்கிறது, அதில் இருப்பது பதநீர் இல்லை. கேம் விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் பக்கம் திறந்துவிட்டோம், ஆனால் வாங்க நினைப்பவர்கள் குறித்துவைக்கும் விஷ்லிஸ்ட் நகரவே மாட்டேன் என்கிறது. கவர் படத்தை இணைத்திருக்கிறேன். இன்னும் பயங்கரமாக வரைய வேண்டுமோ?
- ஒரு வாசகர், திசையன்விளை

பதில்: கதை பிரமாதம், தம்பி. யாரும் ஏறாத பனையில் நிறைந்த கலயம் என்று ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள், எனக்கு அப்போதே வயிற்றைப் பிசைந்தது. ஆனால் அனுப்பிய கவரில் அந்தக் கலயத்தையே காணோமே!

இருப்பதெல்லாம் என்ன? முழு நிலா, நாலு பனை, இடிந்த வீடு, வெள்ளைச் சேலையில் ஒரு பெண், டார்ச்சோடு ஒரு பையன், ரத்தம் சொட்டும் எழுத்தில் நாலு சொல் தலைப்பு. வரைந்த கை நல்ல கை, அதில் சந்தேகமே இல்லை. பெரிய திரையில் பார்த்தால் அழகாகவும் இருக்கிறது. ஆனால் கடையில் யாரும் அதைப் பெரிதாகப் பார்க்கப் போவதில்லை. ஸ்டீமுக்கு நீங்கள் 462க்கு 174 பிக்சலில் ஏற்றும் சின்னப் படம், சில பட்டியல்களில் 120க்கு 45 ஆகச் சுருங்கித்தான் கண்ணில் படும். உங்கள் படத்தை அந்த அளவுக்குச் சுருக்கிப் பார்த்தேன். பெண் வெள்ளைப் புள்ளியாகிவிட்டாள், நிலா இன்னொரு வெள்ளைப் புள்ளி, பையனைக் காணவில்லை, தலைப்பு ஒரு சிவப்புக் கோடு. பக்கத்தில் இருக்கும் நூறு திகில் கேமில் இதுவும் ஒன்று என்று ஆள் தள்ளிக்கொண்டு போய்விடுவார். இன்னும் பயங்கரமாக வரைந்தாலும் அதே கதிதான்.

கவரைப் பார்த்து யாரும் அலறத் தேவையில்லை. விரல் ஒரு நொடி நிற்க வேண்டும், ‘இது என்ன, ஏதோ சரியில்லையே’ என்று தோன்ற வேண்டும், இது எந்த மாதிரி பயம் என்பதும் கூடவே புரிய வேண்டும். துரத்துகிற பயமா, தனியாக மாட்டிக்கொள்கிற பயமா, தெரிந்த வீட்டுக்குள் தெரியாத ஒன்று வந்து உட்கார்ந்திருக்கிற பயமா? வெள்ளைச் சேலைப் பெண் இதில் எதையும் சொல்வதில்லை, எந்தக் கதைக்கும் அவளைப் போட்டுவிடலாம். உங்கள் கேம் தெரிந்த பொருள் தப்பாகிப் போகிற வகை. அப்படியானால் அந்தப் பொருளைத்தான் முன்னால் நிறுத்த வேண்டும்.

கலயத்தை நெருங்கிப் பாருங்கள். நீங்கள் அந்தப் பக்கத்து ஆள், நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, இருந்தாலும் வரைகிற கண்ணோடு ஒரு தடவை பாருங்கள். பதநீர் புளித்துக் கள்ளாகாமல் இருக்க உள்ளே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள், அதனால் வாய் ஓரத்தில் வெள்ளை வளையம் தெரியும். வெளியே மண் நிறம், வயிற்றில் கரும்பழுப்புக் கறை. மேலே சீவிய பாளை, சுற்றிக் கட்டிய கயிறு. அந்த வெள்ளை வளையத்தைத் தாண்டி, கெட்டியான கறுப்பாக ஒரே ஒரு கோடு வழிந்து கலயத்தின் வயிற்றில் இறங்கட்டும். சிவப்பாக வேண்டாம். ரத்தம் என்று தெரிந்துவிட்டால் கேள்வி முடிந்துபோகும், கறுப்பாக இருந்தால்தான் என்னவென்று பார்க்க உள்ளே வருவார்கள். கடைப் படங்களில் கோரத்தைக் குறைக்கச் சொல்லும் விதிக்கும் அது தோதாகப் போகும்.

நிறம். இதை நிறைய பேர் யோசிப்பதே இல்லை. ஸ்டீம் பக்கத்தின் பின்னணியே கருநீலம், அதன்மேல் ஓரமெல்லாம் இருட்டான படத்தை வைத்தால் படம் எங்கே முடிகிறது, பக்கம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாது. திகில் என்றால் கறுப்பு என்று எல்லோரும் நினைப்பதால் அந்தப் பட்டியலே இருண்டு கிடக்கும். உங்களுக்கோ வேறு யாருக்கும் இல்லாத ஒன்று வீட்டு வாசலிலேயே கிடக்கிறது. தேரி மணல்! இரும்பு ஆக்சைடு படிந்து சிவந்த அந்த மணலை சாயங்கால வெயிலில் பார்த்தால் நெருப்பு மாதிரி இருக்குமே, அதைப் பின்னணி முழுக்க விரியுங்கள். நிலா வேண்டாம், ராத்திரியே வேண்டாம். பொழுது சாய்கிற நேரத்துச் செம்மணல், அதற்கு முன்னால் கலயமும் பாளையும், தூரத்தில் மொட்டைப் பனை ஒன்றே ஒன்று. பட்டப்பகலில் பனங்காட்டில் தனியாக நின்றவர்களுக்கு அந்த அமைதியின் கனம் தெரியும். வெளிச்சத்தில் வருகிற பயத்தை வரைகிறவர்கள் குறைவு, நீங்கள் வரையுங்கள்.

தலைப்பு நாலு சொல், ரொம்ப நீளம். இப்போதே சுருக்க முடிந்தால் சுருக்கிவிடுங்கள், கேம் வெளிவந்த பிறகு பெயர் மாற்றுவது பெரும் தலைவலி. எழுத்திலிருந்து சொட்டும் ரத்தத்தை எடுத்துவிடுங்கள். தமிழ் எழுத்தில் புள்ளி, கொம்பு, சுழி எல்லாம் ஏற்கெனவே மெல்லியவை, அதில் சொட்டுகளைத் தொங்கவிட்டால் சின்ன அளவில் ஒன்றுமே படிக்க முடியாது. தடித்த எழுத்து, ஒரே நிறம், சுற்றிலும் கொஞ்சம் வெற்றிடம். அந்த 462க்கு 174 படத்தில் எழுத்துதான் முக்கால்வாசி இடத்தைப் பிடிக்க வேண்டும், கலயம் ஓரத்தில் இருந்தால் போதும். 920க்கு 430 படத்தில் இரண்டும் சமமாக வரலாம். 748க்கு 896 நெட்டைப் படத்தில் கலயத்தை மேலே தொங்கவிட்டு, பெயரைக் கீழே மணலில் வையுங்கள். ஒரே படத்தை வெட்டி வெட்டி எல்லா அளவுக்கும் போடாதீர்கள், உங்கள் நெட்டைப் படத்தில் பையனின் தலை பாதியில் போயிருக்கிறது. கலயம், மணல், எழுத்து மூன்றையும் தனித்தனி லேயரில் வைத்தால் ஒவ்வொரு அளவுக்கும் மாற்றி அடுக்குவது சுலபம்.

அப்புறம், மூலையில் போட்டிருக்கும் ‘விருது பெற்றது’ முத்திரையைக் கழற்றுங்கள். 2022 செப்டம்பர் 1 முதல் ஸ்டீம் கவரில் கேமின் படம், பெயர், அதிகாரபூர்வ துணைத்தலைப்பு தவிர வேறெதுவும் கூடாது. விருது, மதிப்பெண், தள்ளுபடி எல்லாவற்றுக்கும் தடை.

கேள்வி: என் கேமில் முக்கியமான காட்சி சுடலைமாடன் கோயிலில் நடுராத்திரி நடக்கும் ஒரு சாமக்கொடை. கவரில் சுடலைமாடனைக் கோரைப்பல், சிவந்த கண்ணோடு பேய் மாதிரி வைத்தால் வெளிநாட்டுக்காரர்கள் கவனிப்பார்கள் என்று நண்பர்கள் சொல்கிறார்கள். வைக்கலாமா?
- ஒரு வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: வைக்காதீர்கள் அம்மா. அவர் பேய் இல்லை, காவல் தெய்வம். எத்தனையோ குடும்பங்களுக்குக் குலசாமி. அவர் கதையை ராத்திரி முழுக்க வில்லில் பாடிக் கேட்கிற ஊர் நம்முடையது, அங்கே இருந்துகொண்டு கடைக்காக அவர் முகத்தை அரக்கனாக்குவது எனக்கு ஒப்பவில்லை. வேலை என்ற அளவில் பார்த்தாலும் அது பலவீனமான படம்தான், கோரைப்பல்லும் சிவந்த கண்ணும் கடையில் குவிந்து கிடக்கின்றன.

யோசித்துப் பாருங்கள், பல கோயில்களில் சுடலைக்கு முகமே கிடையாது. மேலே போகப் போகக் குறுகும் ஒரு பீடம், அதில் சந்தனம், மாலை. நடுச்சாமத்தில் சாமியாடி பந்தத்தோடு சுடுகாட்டுக்கு வேட்டைக்குப் போகிறபோது பின்னால் கூட்டம் எப்படி ஒதுங்கி நிற்கும்? அந்த ஒதுங்கலை வரையலாம். பந்தத்தின் வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழ, கூட்டம் முழுக்க ஒரே திசையைப் பார்க்கிறது, அங்கே என்ன இருக்கிறது என்பது படத்துக்கு வெளியே. ஒரே ஒரு சின்னப் பிள்ளை மட்டும் திரும்பி நம்மைப் பார்க்கட்டும். சின்ன அளவுக்குக் கூட்டம் வேண்டாம், அந்தப் பிள்ளையின் முகமும் பந்தமும் போதும். கொடைக்குப் போய்ப் படம் எடுப்பதாக இருந்தால் கோயில்காரர்களிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: கையில் காசு இல்லை. ஏஐ வரைந்த கவரைப் போட்டுவிடலாமா?
- ஒரு வாசகர், பேட்டை

பதில்: ஸ்டீம் தடுக்கவில்லை, 2024 ஜனவரியிலிருந்து ஏஐ பயன்படுத்தியதைத் தெரிவிக்கச் சொல்கிறது, கடைப் பக்கத்திலும் அது தெரியும். ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பனை மரத்தில் தென்னங்கீற்று தொங்குகிறது. விசிறி ஓலை எங்கே? நம் ஊர்க் கதை என்று சொல்லி விற்கிற கேமில் நம் ஊர்க்காரர் முதலில் பார்ப்பது அதைத்தான். நல்ல ஃபோன் ஒன்று இருந்தால் சாயங்காலம் பதநீர் காய்ச்சும் குடிசையான ஒரு விடிலிப் பக்கம் போங்கள். காய்ச்சுகிறவர்களிடம் சொல்லிவிட்டு, புகை ஏறிய கூரை, தாழ்ந்த வாசல், உள்ளே இருட்டு என்று எடுங்கள். அதில் நிறத்தை மூன்றாகக் குறைத்து, மேலே தடித்த எழுத்தில் பெயரை வைத்தால் போதும். சின்னக் குழுக்களின் கேம்கள் நிறைய வரும் இட்ச் தளத்துக்கு அதையே 630க்கு 500 அளவில் வெட்டிக்கொள்ளலாம், அங்கே அசையும் ஜிஃப் கவரும் ஏற்கும், புகை மட்டும் மெல்ல நகரட்டும்.