தலை தேய்ந்த லேப்டாப் ஸ்க்ரூவை எப்படிக் கழற்றுவது?

செங்கோட்டையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: பழைய லேப்டாப்பின் அடிமூடியில் ஒரு ஸ்க்ரூ மட்டும் அசையவில்லை, திருப்புளி வழுக்குகிறது என்று. முதலில் திருப்புவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு வழுக்கலும் சிலுவைப் பள்ளத்தை இன்னும் தின்றுவிடும்.

குற்றம் பெரும்பாலும் திருப்புளி முனையில்தான். இவை பெரும்பாலும் 2 அல்லது 2.5 மி.மீ. தடிமனுள்ள ஸ்க்ரூக்கள், பல லேப்டாப்புகளில் பி.எச். 0 (சிலுவை முனைத் திருப்புளியின் ஓர் அளவு) முனை பள்ளத்தில் ஆடாமல் உட்காரும். அதைவிடச் சிறிய பி.எச். 00 முனையும் உள்ளே போகும், ஆனால் ஆடும்; பள்ளம் கெடுவது அதனால்தான். திருப்புளியைச் செங்குத்தாக நிறுத்துங்கள். திருப்புவதைவிட அழுத்துவதற்கே அதிக பலம் கொடுங்கள். முதலில் இம்மியளவு இறுக்கி, பிறகு தளர்த்துங்கள். பிடிப்பு விடுபடும் சிறு ‘டிக்’ கையில் தெரியும்.

அப்போதும் வரவில்லையா? மரையில், ஸ்க்ரூ தானாகத் தளராமல் பிடித்துவைக்கும் நீல நிறப் பூச்சு இருக்கலாம், அல்லது உங்கள் ஊர்ச் சாரல் ஈரத்தில் துருப்பிடித்திருக்கலாம். சால்டரிங் அயர்னின் (ஈயப் பற்றவைப்புக் கோல்) சூடான முனையைத் தலையில் சில நொடிகள் வைத்தால் பூச்சு இளகும். பேட்டரிக்கு அருகிலுள்ள ஸ்க்ரூவில் இதை ஒருபோதும் செய்யாதீர்கள், தீப்பிடிக்கலாம்.

பள்ளம் கொஞ்சம் தேய்ந்திருந்தால், அகலமான ரப்பர் பேண்டை அதன்மேல் விரித்து அழுத்தித் திருப்பலாம். தென்காசியிலோ புனலூரிலோ புது ஸ்க்ரூ வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். நீளம் சற்றே கூடினாலும் உள்ளிருக்கும் போர்டில் முட்டிவிடலாம்.