பெயர் ஓர் இடம், ஆள் ஓர் இடம்

கேள்வி: 2024 மக்களவைத் தேர்தலில் தருமபுரியில் 81 சதவீதம் ஓட்டு. தென் சென்னையில் 54 தான். நகரத்துக்காரர்களுக்கு ஏன் இந்த அலட்சியம்? – ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: அலட்சியம் என்று நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான். ஆசிரியர் வேலையில் இருந்தபோது ஐந்து தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்தேன். அதற்கப்புறம் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

கடைசியாக நான் இருந்த சென்னைச் சாவடியில் ஒரே கதவு எண்ணில் பதினோரு பெயர்கள். "சார், அந்த வீட்டை இடிச்சு நாலு வருஷம் ஆச்சு" என்றார்கள் பூத் ஏஜென்டுகள், கட்சி பேதமில்லாமல். பதினோரு பேரில் ஒருவரும் வரவில்லை. கணக்கில் அவர்களும் ஓட்டுப் போடாதவர்களே. அதே மனையில் எழுந்த அபார்ட்மென்டிலிருந்து ஒரு பெண் அடையாள அட்டையோடு வந்தார். அவர் பெயர் பழைய முகவரியான ஆவடியில் இருந்தது. அட்டை கையில் இருந்தாலும் அந்தச் சாவடிப் பட்டியலில் பெயர் இல்லையென்றால் ஓட்டு கிடையாது. வெயிலில் வரிசையில் நின்றவரைத் திருப்பி அனுப்பினேன். இன்னும் உறுத்துகிறது.

வாக்காளர் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்த்த சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்குப் பின், 2025 டிசம்பரில் வந்த வரைவுப் பட்டியலில் தமிழ்நாட்டில் 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பழைய பெயர்கள் நீக்கப்பட்டிருந்தன. அதில் சென்னையில் மட்டும் 14 லட்சத்துக்கும் மேல். பெரும்பாலும் இடம் மாறியவர்கள், இறந்தவர்கள். ஓட்டுப் போட்டவர்களின் எண்ணிக்கையை, இப்படிப்பட்ட பெயர்களையும் சேர்த்த மொத்தத்தால் வகுத்தால் சதவீதம் குறையாமல் என்ன செய்யும்? நீக்கும்போது தகுதியுள்ளவர் பெயரும் சேர்ந்து போய்விடக்கூடாதே என்ற கவலையும் எனக்கு உண்டு.

சோம்பல் இல்லவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2024 ஏப்ரல் 19 வெள்ளிக்கிழமை. மூன்று நாள் லீவு என்று கிளம்பியவர்களைப் பார்த்தேன். ஆனால் எனக்குப் பழக்கமான, தருமபுரித் தொகுதியில் உள்ள பாலக்கோட்டுக் கொத்தனாரையும் நினைத்துக்கொள்கிறேன். வேலை பெங்களூரில். அங்கே ஓட்டுப்பதிவு 26-ஆம் தேதி, அதனால் 19 வேலை நாள். இரண்டு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் ஏறி வந்து ஓட்டுப் போட்டார். அவருக்கு ஊரில் வீடும் இருக்கிறது, பட்டியலில் பெயரும் இருக்கிறது. வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கும் சென்னைக்காரருக்கு அந்தப் பிடிப்பு எங்கே?

நீங்கள் வீடு மாறியிருந்தால் இப்போதே படிவம் 8 கொடுத்துவிடுங்கள். பெயரே இல்லையென்றால் படிவம் 6. தேர்தல் அறிவித்த பிறகு அலைய வேண்டாம்.