முரசைப் பிடுங்கினார்கள், காலால் முழக்கினார்கள்

கேள்வி: காலணியால் தரையைத் தட்டித் தாளம் எழுப்பும் டாப் நடனம், அயர்லாந்துக்காரர்கள் அமெரிக்காவுக்குக் கொண்டுபோன ஜிக் ஆட்டத்தின் மறுவடிவம்தானே? எல்லாவற்றிலும் ஆப்பிரிக்கரை நுழைப்பது இப்போதைய மோஸ்தராகிவிட்டதே? (வாசகர், ஈரோடு)

பதில்: ஜிக் அதில் இருக்கிறது, அதை யாரும் மறுக்கவில்லை. 'நுழைப்பது' என்கிறீர்களே, அந்தப் பேச்சுதான் வலிக்கிறது.

1739இல் தென் கரோலினாவின் ஸ்டோனோ ஆற்றங்கரையில் ஆப்பிரிக்க அடிமைகள் முரசு கொட்டியபடி கிளர்ந்தெழுந்தார்கள். கிளர்ச்சியை நசுக்கிய கையோடு, 1740இல் வந்த சட்டம் அடிமைகளுக்கு முரசும் கூடாது, கொம்பும் கூடாது என்றது. முரசுக்கு ஆள் திரட்டும் வலு உண்டென்று எஜமானர்களுக்குப் புரிந்துவிட்டது. முரசு போனதும் மிஞ்சியது உடம்புதான். தொடையிலும் மார்பிலும் கையால் அடித்து, குதிகாலால் தரையைத் தட்டி, ஒரே சமயத்தில் இரண்டு மூன்று தாளங்களை ஓடவிட்டார்கள். 'ஜூபா' என்று அதற்குப் பெயர்.

ஜிக்கில் மேலுடம்பு விறைப்பாக நிற்கும், கால்தான் ஆடும். டாப் ஆடுபவரைக் கவனியுங்கள்: முழங்கால் மடங்கி, இடுப்பு தளர்ந்து, உடம்பின் பாரம் தரையை நோக்கி இறங்கியிருக்கும். நாம் எதிர்பார்க்கும் இடத்தில் அடி விழாது, சற்றுத் தள்ளி விழும். இந்த உடல்மொழியின் வேர் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கிறது.

இரண்டும் கலந்த இடங்களில் முக்கியமானது நியூயார்க்கின் ஃபைவ் பாயின்ட்ஸ் பேட்டை. வறுமையில் வந்த அயர்லாந்துக்காரர்களும் விடுதலை பெற்ற கறுப்பினத்தவரும் அங்கே நெருக்கியடித்து வாழ்ந்தார்கள். 'மாஸ்டர் ஜூபா' என்ற கறுப்பின ஆட்டக்காரர் வில்லியம் ஹென்றி லேன் அங்கே ஆடிப் புகழ்பெற்றவர். அயர்லாந்து வம்சாவளியான ஜான் டயமண்டோடு போட்டிபோட்டு ஆடினார். 1842இல் அங்கே போன ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ், ஒரு கறுப்பு இளைஞனின் கால்வேகத்தை வியந்து எழுதினார். அந்த இளைஞன் லேன்தான் என்று பரவலாகக் கருதப்படுகிறது.

கொடுமை என்னவென்றால், அதே காலத்தில் வெள்ளைக்காரர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு இந்த ஆட்டத்தைக் கேலிக்கூத்தாக்கிக் காசு பார்த்தார்கள். 1936இல் வந்த 'ஸ்விங் டைம்' படத்தில்கூட, மாபெரும் கறுப்பின டாப் கலைஞர் பில் ராபின்சனுக்கு மரியாதை செய்ய வந்த வெள்ளை நடிகர் ஃப்ரெட் அஸ்டேர், முகத்தில் கறுப்பு பூசித்தான் ஆடினார். ராபின்சன் 1949இல் கையில் காசில்லாமல் இறந்தார். அவர் பிறந்த மே 25ஆம் தேதியைத்தான் 1989இல் அமெரிக்க காங்கிரஸ் தேசிய டாப் நடன நாளாக அறிவித்தது.